ஒரே இசை, இரண்டு மேடைகள்: ஜான் மேக்கியும் அமெரிக்கக் கான்சர்ட் பேண்டும் – ஒரு நிகழ்வு ஆய்வு

2003 பிப்ரவரியில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா, ஜான் மேக்கி என்ற இருபத்தொன்பது வயது இசையமைப்பாளரின் ‘ரெட்லைன் டேங்கோ’ என்னும் படைப்பை முதன்முறையாக வாசித்தது. அடுத்த ஆண்டு அவரே அதை வயலின், வியோலா, செல்லோ எதுவும் இல்லாத காற்றுக்கருவிக் குழுவுக்காக மாற்றி எழுதினார். அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தின் மாணவர் குழு அதை அரங்கேற்றியது. ஆர்க்கெஸ்ட்ரா வடிவம் நல்ல வரவேற்பைப் பெற்றதோடு நின்றது. பேண்டு வடிவமோ 2004இல் வால்டர் பீலர் பரிசையும், 2005இல் அமெரிக்க பேண்டு மாஸ்டர்கள் சங்கத்தின் ஆஸ்ட்வால்ட் பரிசையும் பெற்று, பல்கலைக்கழகக் குழுக்களிடையே வேகமாகப் பரவி, எழுதியவரின் வாழ்க்கைத் திசையையே மாற்றிவிட்டது. சுரங்களும் தாளமும் கட்டமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. மாறியவை வாசிப்பவர்களும், ஒத்திகைக்குக் கிடைத்த நேரமும், அடுத்த கச்சேரிக்குப் படைப்பைத் தேர்ந்தெடுக்கும் மனிதர்களும்தான். ஒரு படைப்பின் ஆயுளை அதன் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு சமகால மேற்கத்திய இசையில் அரிது. அதனால்தான் மேக்கியின் வாழ்வும் படைப்புகளும் இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

களம்

பேண்டு என்றதும் நமக்குக் காவல்துறை அணிவகுப்போ கல்யாண ஊர்வலமோ நினைவுக்கு வரும். கான்சர்ட் பேண்டு அவ்வகையைச் சேர்ந்ததன்று. ஐம்பது அறுபது பேர் அரங்க மேடையில் அமர்ந்து, முன்னால் விரித்துவைத்த இசைத்தாளைப் பார்த்து, நடத்துனரின் கைக்கோலுக்குக் கட்டுப்பட்டு வாசிக்கும் குழு அது. பிக்கலோ, புல்லாங்குழல், ஓபோ, பசூன், பல அளவுகளில் கிளாரினெட்டுகள், சாக்சபோன்கள், ட்ரம்பெட், ஹார்ன், ட்ராம்போன், யூஃபோனியம், ட்யூபா ஆகியவற்றோடு பெரியதொரு தாளக்கருவிப் பிரிவும் அதில் உண்டு. ஒரு டபுள் பேஸ், ஒரு பியானோ, சில வேளை ஒரு ஹார்ப் ஆகியவற்றைத் தவிர்த்தால் நரம்புக்கருவிகளுக்கு அங்கே இடமில்லை.

இந்தக் குழுவுக்கென்று எழுதப்பட்ட இசையின் வரலாறு நீளமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேண்டுகள் அணிவகுப்பு இசையையும், ஆர்க்கெஸ்ட்ராப் படைப்புகளின் மாற்றுவடிவங்களையுமே பெரும்பாலும் வாசித்துவந்தன. 1909இல் ஆங்கிலேயர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் இராணுவ பேண்டுக்காக எழுதிய ‘ஈ-ஃபிளாட் முதல் தொகுப்பு’ (ஈ-ஃபிளாட் என்பது ஒரு சுருதியின் பெயர்) இந்த வரலாற்றின் முதல் மைல்கல்லாகக் கருதப்படுகிறது. 1937இல் பெர்சி கிரெய்ஞ்சரின் ‘லிங்கன்ஷயர் போஸி’, 1951இல் பால் ஹிண்டெமித்தின் பி-ஃபிளாட் சிம்பொனி, செக்கோஸ்லோவாக்கியா மீதான சோவியத் படையெடுப்புக்கு எதிர்வினையாகக் கரேல் ஹூசா எழுதிய ‘மியூசிக் ஃபார் பிராக் 1968’ ஆகியவை அடுத்தடுத்து வந்தன. 1952இல் ஃபிரெடரிக் ஃபெனெல் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் ஒரு பகுதிக்கு ஒருவரே வாசிக்கும் சிறுத்த குழுவை உருவாக்கியதும், பேண்டு என்றாலே இரைச்சல் என்றிருந்த எண்ணம் மெல்லத் தளர்ந்தது.

இதில் கவனிக்கத்தக்க அமைப்புசார் உண்மை ஒன்று உண்டு. அமெரிக்காவில் சம்பளம் வாங்கி வாசிக்கும் கான்சர்ட் பேண்டுகள் பெரும்பாலும் இராணுவத்தைச் சேர்ந்தவை. மற்றவை ஏறக்குறைய எல்லாமே பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இருப்பவை. ஆர்க்கெஸ்ட்ராவின் நிகழ்ச்சி நிரலை முடிவுசெய்வதில் நுழைவுச்சீட்டு விற்பனைக்கும், நன்கொடையாளர்களின் விருப்பத்துக்கும், பீத்தோவனையும் பிராம்ஸையும் கேட்கவரும் சந்தாதாரரின் பழக்கத்துக்கும் பங்குண்டு. பள்ளி பேண்டின் நிரலை அதன் ஆசிரியர் முடிவுசெய்கிறார். அவருக்கு விற்கவேண்டிய சீட்டும் இல்லை. பழைய படைப்புகளின் பெருங்களஞ்சியமும் இல்லை. புதியது அவருக்குத் தேவை. மேக்கி என்னும் நிகழ்வைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும்.

எந்தக் கருவியும் வாசிக்காதவர்

ஜான் மேக்கி 1973 அக்டோபர் 1 அன்று ஒஹையோ மாநிலத்தின் நியூ ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். இசை அறிந்த குடும்பத்தில் பிறந்தும் அவர் முறையாக எந்தக் கருவியையும் கற்கவில்லை. இசைக்குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. கணினியில் இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளை அறிமுகப்படுத்தியவரும் அவரே. சிறுவன் பிறருடைய இசையைக் கணினியில் ஏற்றினான், அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பார்த்தான், பிறகு தானே எழுதத் தொடங்கினான்.

இந்தப் பின்னணியை வெறும் சுவையான செய்தியாகக் கடந்துவிடக் கூடாது. பியானோ வாசித்துப் பழகிய இசையமைப்பாளரின் கைவிரல்கள் அவருக்கே தெரியாமல் சில வடிவங்களை நோக்கி நகரும். பத்து விரல்களுக்குள் அடங்கும் ஒலியடுக்குகள் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) அவர் இசையில் இயல்பாக வந்து அமரும். மேக்கிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவருடைய வேக இசையில் பதினாறாம் பங்குச் சுரங்கள் (ஒரு முழுச் சுரத்தின் நீளத்தில் பதினாறில் ஒரு பங்கே நீளும் குறுஞ்சுரங்கள்) ஒரு கருவியிடமிருந்து மற்றொன்றுக்குத் தாவித்தாவிச் செல்வதும், மனிதக் கை நினைத்துப் பார்க்கத் தயங்கும் இடங்களில் அழுத்தங்கள் விழுவதும் கணினித் திரையில் இசையை அடுக்கிப் பழகியதன் தடம் என்றே எனக்குப் படுகிறது. 2010இல் எழுதிய ‘ஹிம் டு அ ப்ளூ அவர்’ என்னும் மெல்லிசைப் படைப்பைப் பெரும்பகுதி பியானோவில் அமர்ந்து எழுதினார். அதன் மெட்டுகள் நீண்டும் எளிமையாகவும் மூச்சுக்கு இணங்கியும் செல்வதைக் கேட்பவர் இந்த வேறுபாட்டை உணரலாம்.

கிளீவ்லாந்து இசைக்கல்லூரியில் டொனால்ட் எர்பிடம் பயின்று 1995இல் இளநிலைப் பட்டமும், நியூயார்க்கின் ஜூலியார்டு பள்ளியில் ஜான் கொரிலியானோவிடம் பயின்று 1997இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். ஒலிநிறத்தில் துணிச்சல் காட்டுபவர்கள் என்று பெயர்பெற்றவர்கள் இருவரும். ஒரு படைப்பின் முதல் சுரத்தை எழுதுமுன் அதன் முழுக் கட்டமைப்பையும் வரைந்துகொள்ளும் வழக்கம் கொரிலியானோவுடையது. ஆசிரியரின் அந்த ஒழுக்கம் மாணவரின் பெரிய படைப்புகளில் கண்கூடாகத் தெரிகிறது.

பட்டம் பெற்றபின் அவருக்குச் சோறு போட்டது நடனம். 1999 முதல் 2003 வரை நியூயார்க்கின் பார்சன்ஸ் நடனக்குழுவில் இசை இயக்குநராக இருந்தார். மாணவப் பருவத்தில் நரம்புக்கருவி நால்வர் குழுவுக்கும் ஆப்பிரிக்க ஜெம்பே முழவுக்குமாக எழுதிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஹ்யூமர்ஸ்’ இசைக்கு ராபர்ட் பேட்டில் நடனம் அமைத்தார். அந்த நடனம் பிற்பாடு ஆல்வின் ஐலி நடனக்குழுவின் மேடைக்கும் சென்றது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க ஒத்திசை நீச்சல் அணி ஆடியதும் அவருடைய இசைக்குத்தான். அந்த ஆண்டுகளின் பயிற்சி எல்லாம் உடல் அசைவோடு ஒட்டிய இசை. கேட்பவர் உடலில் துடிப்பாக இறங்காத ஒரு தாளத்தை அவர் எழுதுவதே இல்லை என்று சொல்லலாம். பேண்டுக்கு அவர் வருமுன்பே பேண்டின் மிகப் பெரிய பலமான தாளக்கருவிப் பிரிவு அவருக்கு நெருக்கமாகிவிட்டிருந்தது.

‘ரெட்லைன் டேங்கோ’

2000இல் வயலின், கிளாரினெட், செல்லோ, பியானோ என்ற நான்கு கருவிகளுக்கு எழுதிய ‘பிரேக்டவுன் டேங்கோ’தான் இதன் மூலம். வாகன எஞ்சினை அதன் சுழற்சி வேகமானியின் சிவப்புக் கோடுவரை முடுக்குவதைத் தலைப்பு குறிக்கிறது. முதல் பகுதி இடைவிடாத பதினாறாம் பங்குச் சுரங்களின் ஓட்டம். ஒரு சிறு சுரத்தொடரைக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்தி எடுத்துக்கொள்ளும் ஃபியூக் பாணியில் அமைந்தது. நடுப்பகுதி டேங்கோ நடனத்தின் கேலிச்சித்திரம்: சற்றே பித்துப்பிடித்த, சற்றே கீழ்த்தரமான சாயல் வேண்டுமென்றே ஏற்றப்பட்ட மெட்டு. மூன்றாம் பகுதி தொடக்கத்தின் வேகத்துக்குத் திரும்பி, நடுவில் கேட்ட டேங்கோவையும் தன்னுள் இழுத்துக்கொண்டு முடிகிறது.

பேண்டு வடிவத்தின் நடுப்பகுதியில் மெட்டை ஏந்துவது சொப்ரானோ, அதாவது உயர்சுருதி, சாக்சபோன். ஆர்க்கெஸ்ட்ராவில் அரிதாகவே தென்படும் சாக்சபோன் குடும்பம் பேண்டில் நிரந்தரக் குடித்தனக்காரர். அதன் குழைவும் தெருச்சாயலும் இந்த மெட்டுக்கென்றே பிறந்தவை போல் பொருந்துகின்றன. முதல் பகுதியின் ஓட்டமும் வில்லின் உராய்வைவிட ஊதுகருவிகளின் நாக்குத் தட்டலில் கூர்மையாகக் கேட்கிறது. ஆகவே மாற்றுவடிவம் மூலத்தின் நிழல் என்று இங்கே சொல்வதற்கில்லை. இசை தனக்கான உடலைப் பிந்திக் கண்டுகொண்டது.

ஆயினும் கலைக்காரணம் மட்டும் போதாது. ஓர் ஆர்க்கெஸ்ட்ரா ஒரு வார நிகழ்ச்சி முழுவதற்கும் சில ஒத்திகைகளையே ஒதுக்குகிறது. அவற்றில் புதிய படைப்புக்குக் கிடைக்கும் நேரம் சொற்பம். தாள அழுத்தங்கள் சிக்கலாக மாறும் இசை அந்த நேரத்துக்குள் கலைஞர்களின் உடலில் இறங்குவதில்லை. பிழையின்றி வாசிக்கப்பட்டாலும் எச்சரிக்கையோடே ஒலிக்கும். பல்கலைக்கழகக் குழுவோ அதே இசையை வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறது. வாசிப்பவருக்கு இருபது வயது. தாளத்தைக் கண்டு அஞ்சுவதைவிட அதில் இறங்கி விளையாடவே அவர் விரும்புகிறார். முதல் அரங்கேற்றத்தின் ஒலிப்பதிவு அடுத்த பல்கலைக்கழகத்தின் நடத்துனர் கைக்குப் போகிறது. மாநாடுகளில் அது வாசிக்கப்படுகிறது. கேட்டவர் தம் குழுவுக்கு வாங்குகிறார். ஆர்க்கெஸ்ட்ரா உலகில் முதல் அரங்கேற்றமே பல படைப்புகளுக்கு இறுதி அரங்கேற்றமும் ஆகிவிடுவதுண்டு. பேண்டு உலகில் இரண்டாம், மூன்றாம், நூறாம் வாசிப்புக்கான வழி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. மேக்கி அதில் கால்வைத்தார்.

பணம் வரும் வழி

இந்தத் துறையில் புதிய படைப்புகள் பெரும்பாலும் கூட்டு ஒப்பந்தத்தில் பிறக்கின்றன. ஒரு நடத்துனர் முன்னின்று பத்து, இருபது பள்ளிகளையோ கல்லூரிகளையோ சேர்க்கிறார். ஒவ்வொன்றும் தன் பங்கைச் செலுத்துகிறது. எல்லாவற்றின் பெயரும் இசைத்தாளின் முதல் பக்கத்தில் இடம்பெறுகிறது. குறித்த காலம்வரை அவையே அதை வாசிக்கும் உரிமை பெறுகின்றன. தனியொரு நிறுவனத்துக்குக் கனமாக இருக்கும் தொகை இப்படிப் பகிரப்படும்போது எளிதாகிறது. இசையமைப்பாளருக்கும் ஒரே ஆண்டில் பல அரங்கேற்றங்கள் உறுதியாகின்றன.

மேக்கி இதனோடு இன்னொன்றையும் சேர்த்தார். தம் படைப்புகளைப் பழைய பதிப்பகங்களிடம் கொடுத்துச் சிறு பங்கை உரிமத்தொகையாகப் பெறுவதற்குப் பதில், ‘ஓஸ்டி மியூசிக்’ என்ற சொந்தப் பதிப்பகத்தின் வழியே தாமே வெளியிட்டார். தம் இணையதளத்தில் முழு இசைத்தாளையும் முழு ஒலிப்பதிவையும் யாரும் பார்க்கவும் கேட்கவும் வைத்தார். ஒரு பள்ளி ஆசிரியருக்கு இதனால் விளையும் பயனைச் சொல்லத் தேவையில்லை: தம் மூன்றாம் கிளாரினெட் மாணவரால் அந்தப் பக்கத்தை வாசிக்க முடியுமா என்பதைப் பணம் கட்டுமுன்பே அவர் கண்டறியலாம். ஒப்பந்தம் செய்த குழுக்களின் ஒத்திகைகளுக்கு நேரில் சென்று மாணவர்களோடு பேசுவதும் அவர் வழக்கம். இதை வெறும் விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். இசைத்தாளை எழுதியவர் உயிரோடு முன்னால் நிற்பதைக் காணும் பதினைந்து வயது மாணவருக்கு அது தந்திரமாகத் தோன்றுவதில்லை.

பணம் எப்போதும் கூட்டாகவே வந்ததென்றும் இல்லை. 2009இல் வெளிவந்த, ஐந்து நிமிட அளவே நீளும் ‘ஆஸ்ஃபால்ட் காக்டெய்ல்’, மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நடத்துனர் கெவின் செடாடோலுக்குப் பரிசாகத் தனிமனிதர் ஒருவர் பணம் கொடுத்து எழுதச்சொன்ன படைப்பு. அந்தத் தலைப்பு முதலில் மேக்கியின் நண்பரான இசையமைப்பாளர் ஜொனாதன் நியூமனின் கைவசம் இருந்தது. பல ஆண்டுகள் கெஞ்சியும் கொடுக்காதவர் கடைசியில் மனமிரங்கினார். நியூயார்க் தெருவின் முரட்டுத்தனத்தை ஒலியாக்கும் அந்த இசையில் உலோகக் குப்பைத்தொட்டியும் தாளக்கருவியாகிறது.

ஓர் உயர்நிலைப் பள்ளியின் விடியல்

2009ஆம் ஆண்டின் ‘அரோரா அவேக்ஸ்’ இந்த ஆய்வின் இரண்டாவது மையச் சான்று. இதை எழுதச்சொன்னது பல்கலைக்கழகமன்று. வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டூவர்ட் உயர்நிலைப் பள்ளியின் காற்றுக்கருவிக் குழு. அதே ஆண்டில் அது ஆஸ்ட்வால்ட் பரிசையும், தேசிய பேண்டு சங்கத்தின் வில்லியம் ரெவெல்லி பரிசையும் ஒருங்கே வென்றது.

வெர்ஜிலின் ‘ஈனியட்’ காவியத்தில் வரும் விடியல் தேவதை அரோரா இதன் பொருள். ஏறத்தாழ பதினொரு நிமிடங்கள் நீளும் இந்த இசை அசைவின்மையிலிருந்து ஆற்றலை நோக்கிச் செல்லும் ஒரே நீண்ட ஏற்றம்: முதல் பாதி மெதுவாகப் பரவும் ஒளி, இரண்டாம் பாதி எழுந்தோடும் பகல். ஏற்றத்தைத் தாங்கும் தொடர்தாளம் கேட்டுப் பழகியது போலிருந்தால் வியப்பதற்கில்லை. அயர்லாந்து ராக் குழுவான யூ2, 1987இல் வெளியிட்ட ‘வேர் த ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்’ பாடலின் தொடக்க கிட்டார் ஒலிக்கோலத்தின் சாயல் அது. முடிவு விழுவதோ ஹோல்ஸ்டின் ‘முதல் தொகுப்பு’ தன் முதல் பகுதியை முடிக்கும் அதே ஈ-ஃபிளாட் ஒலியடுக்கில். கருவிகளின் பங்கீட்டிலும் அந்த நூறாண்டுப் பழைய பக்கத்தையே ஒட்டி எழுதப்பட்டிருக்கிறது.

இந்த இரண்டு மேற்கோள்களையும் பலர் குறும்பு என்று கடந்துபோகிறார்கள். எனக்கு இதில் ஒரு கணக்கு தெரிகிறது. ஹோல்ஸ்டின் அந்த ஒலியடுக்கை அமெரிக்கப் பள்ளி பேண்டில் வாசித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். கச்சேரிக்கு வரும் பெற்றோரில் பலர் யூ2 கேட்டு வளர்ந்தவர்கள். மேடையில் இருப்பவரின் உடல் நினைவையும் அரங்கில் இருப்பவரின் செவி நினைவையும் ஒரே படைப்பு, யாரிடமும் சொல்லாமல் தொடுகிறது. தம் கேட்போர் யார் என்று அறிந்து எழுதுவது தாழ்வு என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கல்விக்கூட இசையமைப்பாளரிடையே வலுவாக இருந்தது. பழைய மேதைகளான ஹைடனும் பாஹும் அப்படி எண்ணியிருந்தால் அவர்கள் எழுதியவற்றில் பாதி பிறந்திராது.

சிறுவர்க்கு எழுதுதல்

கடினமான இசையைத் திறமையாக எழுதுபவர் பலர். பன்னிரண்டு வயது மாணவருக்குத் தரமாக எழுதுவோர் சிலரே. அமெரிக்க பேண்டு இசை கடினத்தின் அடிப்படையில் படிநிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. கீழ்ப்படிகளில் நிரம்பியிருப்பது பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த சரக்கு. மேக்கி அந்தப் படிகளுக்கும் இறங்கி எழுதினார். ‘அண்டர்டோ’ (2008) டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினிலுள்ள ஒரு நடுநிலைப் பள்ளிக்காகப் பிறந்தது. ‘ஷெல்டரிங் ஸ்கை’ (2012) இரண்டு இளநிலைப் பள்ளிகளின் கூட்டு ஒப்பந்தம்.

பின்னது பலராலும் நாட்டுப்பாடல் என்று எண்ணப்படுகிறது. அதில் நாட்டுப்பாடல் ஏதும் இல்லை. கிரெய்ஞ்சரின் நாட்டுப்பாடல் அமைப்புகளின் மணத்தைத் தாங்கிய, மேக்கியே எழுதிய மெட்டுகள் அவை. வேகத்தையும் உயர் சுரங்களையும் இளம் மாணவரிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் நீண்ட மூச்சையும், அடுத்தவரின் ஒலியைக் கேட்டு அதனோடு கலக்கும் பொறுமையையும் எதிர்பார்க்கலாம். அந்த எதிர்பார்ப்பின்மீதே படைப்பு முழுவதும் நிற்கிறது. 2011இன் ‘ஃபவுண்ட்ரி’ வேறு வழியில் அதே சிக்கலைத் தீர்த்தது: பன்னிரண்டு தாளக்கலைஞர்களைக் கேட்டு, அவர்களில் பலருடைய கருவிகளைக் கையில் கிடைக்கும் உலோகக் குவியலாகவும் மரத்துண்டாகவும் பாத்திரமாகவும் விட்டுவிட்டது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத பள்ளியும் வாசிக்கலாம். எந்த இரும்பு எப்படி ஒலிக்கிறது என்று மாணவர்களே தட்டிப்பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த யோசனைக்கு அவருடைய பரிசு பெற்ற படைப்புகளைவிட அதிக மதிப்பு தரலாம் என்பது என் கருத்து.

சிம்பொனி

ஜெர்ரி ஜன்கின் நடத்திய டெக்சாஸ் பல்கலைக்கழகக் காற்றுக்கருவிக் குழு இந்தக் கதையில் முக்கியமான இடம். மேக்கியின் ஆசிரியர் கொரிலியானோ பெரிய காற்றுக்கருவிக் குழுவுக்கான தம் மூன்றாம் சிம்பொனியை, ‘சர்க்கஸ் மேக்சிமஸ்’ என்ற பெயரில், இதே குழுவுக்காக எழுதினார். 2005இல் அது அரங்கேறியது. ஆஸ்கரும் புலிட்சரும் பெற்ற ஆசிரியரே இத்துறைக்கு வந்தது, மாணவரின் தேர்வு பின்வாங்கல் அன்று என்பதை மற்றவர்களுக்கு உணர்த்தியிருக்கும்.

2014 பிப்ரவரியில் சான் அன்டோனியோவில் நடந்த டெக்சாஸ் இசை ஆசிரியர் மாநாட்டில் மேக்கியின் ‘வைன்-டார்க் ஸீ’ சிம்பொனியை அதே குழு அரங்கேற்றியது. பல்கலைக்கழகத்தின் இசைப்பள்ளி நூறாண்டு நிறைவுக்காக எழுதப்பட்ட, அரைமணி நேரம் நீளும் படைப்பு அது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த பருவத்துக்கு இசை தேடிவந்த ஆசிரியர்கள் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பொருள் ஹோமரின் கிரேக்கக் காவியமான ‘ஒடிசி’. முதல் பகுதியில் டிராய் வெற்றியின் இறுமாப்போடு ஒடிசியஸ் கப்பலேறுகிறான். வெற்றி முழக்கம் அளவுமீறிப் பெருகி, கடவுளின் இடியில் கப்பல் சிதறுவதோடு முடிகிறது. இரண்டாம் பகுதி அவனைக் காப்பாற்றித் தன் தீவில் வைத்துக்கொண்ட கலிப்ஸோவுக்குரியது. அவன் வீடு திரும்பவே விரும்புகிறான் என்று அறிந்தும் அவள் தறியில் அமர்ந்து நெய்கிறாள். ஹார்ப்பும் தனிக்கருவிகளும் மெல்லிய இழையாகப் பின்னும் இந்தப் பகுதி, முழு பேண்டு மேடையில் இருந்தும் அது பேசாமல் இருக்க முடியும் என்பதற்குச் சான்று. மூன்றாம் பகுதி பாதாள உலகம்: இறந்தோரின் ஆவிகள் குருதிப் பலியின் மணத்துக்குத் திரண்டு வர, அவற்றின் நடுவே அவன் வழி கேட்டுக் கடந்துபோகிறான்.

படைப்புகளின் தலைப்புகளையும் கதைக்கட்டையும் உருவாக்குவதில், மெய்யியலாளரான அவருடைய மனைவிக்குப் பெரும் பங்குண்டு. இந்தச் சிம்பொனியின் கட்டமைப்பிலும் அந்தப் பங்கு தெரிகிறது. நாடகம் மூன்று நிலைகளாகத் தெளிவாகப் பிரிந்திருப்பதால்தான் முன்பு பத்துப் பன்னிரண்டு நிமிடப் படைப்புகளில் நிரூபித்த உத்திகள் அரைமணி நேரத்தைத் தாங்குகின்றன. கலிப்ஸோவின் குரலை அவர் அதோடு விட்டுவிடவில்லை. அடுத்த ஆண்டே ‘சாங்ஸ் ஃப்ரம் தி எண்ட் ஆஃப் த வேர்ல்ட்’ என்ற பாடல் தொகுப்பில், சொப்ரானோ பாடகிக்கும் சிறு காற்றுக்கருவிக் குழுவுக்குமாக, அந்தக் கைவிடப்பட்டவளைப் பேசவைத்தார்.

அமெரிக்க பேண்டு மாஸ்டர்கள் சங்கத்தில் 2014இல் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டபோது, அந்தப் பெருமை பெற்ற இசையமைப்பாளர்களில் மிக இளையவர் அவரே. 2018இல் அமெரிக்கக் கலை இலக்கிய அகாதெமி அவருக்கு விளாடிமிர்–ரோடா லேகண்ட் விருதை வழங்கியது. பின்னது பேண்டு உலகத்துக்கு வெளியிலிருந்து வந்த அங்கீகாரம் என்பதால் கூடுதல் கவனத்துக்குரியது.

மறுபக்கம்

மேக்கியின் வேகப் படைப்புகள் சிலவற்றை அடுத்தடுத்துக் கேட்பவருக்கு அவற்றின் அச்சு பிடிபட்டுவிடும். தொடர்தாளம் ஒன்று நிறுவப்படும். அதன்மேல் அழுத்தங்கள் இடம்மாறும். நடுவில் ஒரு தணிவு. பிறகு தாளப்பிரிவு முழுவதும் திரண்டு உச்சி. ‘ஆஸ்ஃபால்ட் காக்டெய்ல்’ போன்ற தொடக்க நிகழ்ச்சி இசையில் இது குறையன்று. பெரிய படைப்புகளிலும் அதே உச்சி அதே கருவிகளோடு வரும்போது, அதிர்ச்சி தன் விலையை இழக்கிறது. தாளக்கருவிகளின் அடர்த்தியால் மரக்குழல்களின் நுண்ணிய எழுத்து அரங்கில் மூழ்கிவிடுகிறது என்ற குறையும் நியாயமானது. தனிக்கருவி ஒன்றை முன்னிறுத்திக் குழுவோடு வாசிக்கும் ‘சொப்ரானோ சாக்சபோன் கன்செர்ட்டோ’ (2007) இந்தச் சிக்கலிலிருந்து தப்பியதற்குக் காரணம் அதன் கட்டுப்பாடு. சாக்சபோனின் பாகங்கள் செய்யப்படும் பொருள்களான மென்துணி, உலோகம், மரம் ஆகியவற்றின் பெயரை நடுப்பகுதிகள் மூன்றுக்கும் சூட்டி, அந்தந்தப் பொருளின் இயல்புக்கு ஏற்ற கருவிகளை முன்னிறுத்தியதால், குழு முழுவதும் எப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கும் பழக்கம் அங்கே உடைகிறது.

இன்னொரு குறை அவருடையதன்று, களத்தினுடையது. பேண்டு கச்சேரிக்கு வருபவர்கள் பெரும்பாலும் வாசிப்பவரின் பெற்றோர், சக மாணவர், வேறு பேண்டு ஆசிரியர்கள். இந்த இசை பல்லாயிரம் பேரின் கைகளில் வாழ்கிறது. ஆனால் வாசிக்காதவரின் காதுக்கு அரிதாகவே எட்டுகிறது. பெருநகரச் செய்தித்தாள்களின் இசை விமர்சகர்கள் அந்தப் பக்கம் திரும்புவது அபூர்வம். கூட்டு ஒப்பந்த முறையும் ஏற்கெனவே பெயர்பெற்றவரையே மீண்டும் மீண்டும் அழைக்கும் போக்குடையது. ரெவெல்லி பரிசை முதன்முதலாக ஒரு கறுப்பின இசையமைப்பாளர் பெற்றது 2019இல்தான்: ‘கம் சண்டே’ எழுதிய ஓமர் தாமஸ். பள்ளிகள் புதியதை வரவேற்கின்றன என்று மேலே சொன்னது உண்மை. எல்லோருடைய புதியதையும் ஒரே அளவில் வரவேற்றன என்று சொல்ல முடியாது.

அதே 2019இல் மேக்கி ‘பிளேசஸ் வீ கேன் நோ லாங்கர் கோ’ என்ற படைப்பை சொப்ரானோ குரலுக்கும் காற்றுக்கருவிக் குழுவுக்குமாக எழுதினார். தம் தாயின் மறதிநோய் அதன் பொருள். காலம் பின்னோக்கி ஓடுகிறது: சொற்கள் சிதறிய குழப்பத்தில் தொடங்கி, நினைவு முழுமையாக இருந்த நாட்களின் தெளிவை நோக்கி நகர்கிறது. முடிவில் வழக்கமான உச்சி இல்லை. தாளப்பிரிவின் படையெடுப்பும் இல்லை. ‘ரெட்லைன் டேங்கோ’வை வாங்கிய அதே ஆசிரியர்களால் இதை எளிதில் நிரலில் சேர்க்க முடியாது. தேர்ந்த பாடகி வேண்டும், முதிர்ந்த குழு வேண்டும், கைதட்டலுக்குத் தோதான முடிவு இல்லாத இசையை மேடையேற்றும் துணிவும் வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் பள்ளிகளும் கல்லூரிகளும் கொடுத்த ஒப்பந்தங்களின் பலத்தில் நின்றே ஓர் இசையமைப்பாளர் இப்படிப்பட்ட படைப்பை எழுத முடிகிறது. அதை வாசிக்கும் பொறுப்பும் அதே பல்கலைக்கழகங்களின் மேசைக்குத்தான் இப்போது வந்திருக்கிறது.